ஓரிக்கு வாடகை உடுப்பு எதற்கு?

ஆடி மாதம் பிறந்தால் கொல்லிமலைக்குக் கொண்டாட்டம்தான்!

ஆடி 17, ஆடி 18. இந்த இரண்டு நாளும் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா. அரசாங்கமே எடுத்து நடத்தும் விழா அது. ஓரியின் சிலைக்கு மாலை விழும். வில் வித்தைப் போட்டி நடக்கும். பூவும் காயும் கனியும் கண்காட்சியில் அடுக்கியிருக்கும். அதே ஆடிப் பதினெட்டில் அறப்பளீசுவரர் கோவிலிலும் கூட்டம் நெரியும். ஐயாற்றில் முழுகி எழுந்து சாமி கும்பிடுவார்கள். காரவள்ளியில் தொடங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றிக்கொண்டு பஸ்கள் மூச்சு வாங்க மேலே ஏறும்.

பெரியவர்களுக்குக் கோவில் உண்டு, கடைகண்ணி உண்டு. பிள்ளைகளுக்கு? அவர்கள் கண் முழுவதும் வில்லின் மேல்தான். வீட்டுக்கு வந்ததும், "எனக்கும் ஓரி வேடம் போட்டுவிடு" என்று தாயின் முந்தானையைப் பிடித்து இழுக்கும் பிள்ளைகள் எத்தனையோ!

இந்த ஆசை நல்ல ஆசை. ஆனால், வேடம் என்றதும் இன்று பலருக்கு நினைவு வருவது வாடகைக் கடை. அந்தக் கடையில் தொங்கும் ராஜா உடுப்பு எல்லா ராஜாவுக்கும் ஒன்றுதான். இன்று அதற்குப் பெயர் ஓரி. நாளை அதுவே கட்டபொம்மன். மறுநாள் ராஜராஜ சோழன். ஜிகினா ஒட்டிய நைலான் சட்டை, கழுத்தை அறுக்கும் அட்டைக் கவசம், தொட்டால் மடங்கும் பிளாஸ்டிக் வில். சாயங்காலம் கழற்றி, கசங்காமல் மடித்து, மறுநாள் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிள்ளைக்கு மிஞ்சுவது ஒரு போட்டோ.

பட்டணத்தில் இருப்பவர்களுக்கு இதுவும் ஒரு செலவு, அவ்வளவுதான். மலையில் இருப்பவர்களுக்கு அப்படியா? செம்மேட்டிலிருந்து நாமக்கல் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். உடுப்பு வாடகை ஒன்று. பஸ் கட்டணம் இரண்டு. வாங்கிவர ஒரு நாள், திருப்பிக் கொடுக்க ஒரு நாள் என்று இரண்டு நாள் கூலி போவது மூன்று. கொல்லிமலையில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடி மக்கள். (பெயரைப் பார்த்துக் கேரளத்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். பேச்சு தமிழ்தான். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.) காப்பித் தோட்டத்திலும் மிளகுக் கொடியிலும் மரவள்ளிக் காட்டிலும் பாடுபடும் குடும்பங்கள். அவர்கள் இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு ஜிகினாச் சட்டை வாங்கப் போவார்களா?

போகமாட்டார்கள். காசு உள்ள வீட்டுப் பிள்ளை மேடை ஏறும். காசு இல்லாத வீட்டுப் பிள்ளை கீழே உட்கார்ந்து கை தட்டும். ஓரியின் மலையிலேயே ஓரி வேடம் போட முடியாமல் ஒரு பிள்ளை ஒதுங்கி நிற்கலாமா?

ஒரே அம்பு, ஐந்து விலங்கு

ஓரியின் கதை தெரிந்தால் இந்த வழக்கம் எவ்வளவு பொருந்தாதது என்பது விளங்கும்.

ஓரி கடையேழு வள்ளல்களில் ஒருவன். கொல்லிமலைக்குத் தலைவன். அவனைப் பற்றி வன்பரணர் என்ற புலவர் பாடிய பாட்டு புறநானூற்றில் 152-ஆவது பாட்டாக இருக்கிறது. பாட்டில் வரும் செய்தி இது:

பாணர் கூட்டம் ஒன்று காட்டு வழியே போகிறது. அங்கே ஒரு வேட்டைக்காரன். அவன் விட்ட அம்பு யானையை வீழ்த்துகிறது. அங்கே நிற்காமல் அகன்ற வாயுள்ள புலியைக் கொல்கிறது. அதையும் தாண்டி மானை உருட்டுகிறது. காட்டுப் பன்றியைச் சாய்க்கிறது. கடைசியில் புற்றுக்குள் கிடந்த உடும்பின் மேல் போய்த் தைத்து நிற்கிறது. 'இவன் சாதாரண வேடன் அல்ல' என்று பாணர்கள் வியக்கிறார்கள். அவன் முன்னால் ஓரியின் புகழைப் பாடுகிறார்கள். தன் பெயரைக் கேட்டதும் அவன் நாணித் தலை குனிகிறான். பிறகு வேட்டையாடிய மான் கறியைச் சமைத்துக் கொடுக்கிறான். தன் மலையில் பிறந்த பொன்னையும் மணியையும் வாரிக் கொடுக்கிறான்.

கதையில் எத்தனை பேர் இருக்கிறார்கள், பாருங்கள்! ஓரி ஒருவன். விலங்குகள் ஐந்து. பாணர்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரு தெருவில் உள்ள பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இதில் வேடம் உண்டு. நடக்கத் தெரியாத கைக்குழந்தையைக்கூட உடும்பாகப் படுக்க வைத்துவிடலாம்!

ஓரி வேடம் என்றால் ஒரே ஒரு பிள்ளைக்கு முடி சூட்டி, மேடையில் நிறுத்தி, நாலு வரி ஒப்புவிக்கச் சொல்லி, பரிசு கொடுத்து அனுப்புவது என்று யார் சொன்னது? கூடி ஆட வேண்டிய கதை இது. வேண்டிய பொருள் எல்லாம் வீட்டிலும் கொல்லையிலும் கிடக்கிறது.

கொல்லையில் கிடக்கும் கிரீடம்

முதலில் கிரீடம். கொல்லிமலையில் பலா மரத்துக்குப் பஞ்சமில்லை. கீழே உதிர்ந்து கிடக்கும் பழுத்த இலைகளிலேயே மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு என்று மூன்று நிறம் கிடைக்கும். காய்ந்து நொறுங்காத இலையாகப் பொறுக்க வேண்டும். காம்பைக் கிள்ளி எடுக்க வேண்டும். ஓர் இலையின் மேல் மறு இலையின் ஓரம் படும்படி வைத்து, கிள்ளிய காம்பையே ஊசி மாதிரிக் குத்திக் கோக்க வேண்டும். காம்பு போதாவிட்டால் விளக்குமாற்றுக் குச்சி. பிள்ளையின் தலையைச் சுற்றி வரும் அளவுக்குப் பட்டை நீண்டதும், முன்பக்கம் நாலைந்து இலையை நெட்டுக்குத்தாக நிறுத்தினால் கிரீடம் தயார். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இது வரும். முதல் இலை கிழியும். இரண்டாவதும் கிழியும். மூன்றாவது நிற்கும்.

அடுத்தது வில். இது தகப்பன் வேலை. அல்லது தாத்தா வேலை. முற்றிய மூங்கிலைப் பிளந்து, பிள்ளையின் தோள் உயரத்துக்கு ஒரு சிம்பு எடுக்க வேண்டும். கட்டைவிரல் அகலம் போதும். சிலாம்பு ஏறாதபடி ஓரங்களைக் கத்தியால் நன்றாகச் சீவிவிட வேண்டும். இரண்டு முனையிலும் சிறு வெட்டு. நாணுக்கு வாழைநார். காய்ந்த மட்டையிலிருந்து உரித்த நாரைத் தண்ணீரில் ஊறவைத்துத் தொடையின் மேல் வைத்து முறுக்கினால் இரும்பு மாதிரி நிற்கும். மூங்கிலுக்காகக் காட்டுக்குள் போய்க் கத்தி வைக்கக் கூடாது. வீட்டோரம் இருக்கும் புதரில் ஒரு கழி போதும்.

அம்பு சோளத்தட்டையாக இருக்கட்டும். முனையில் பழந்துணியை எலுமிச்சம்பழம் அளவுக்கு உருட்டிக் கட்டிவிட வேண்டும். முனையில்லாத அம்பானாலும் முகத்துக்கு நேரே எய்யக் கூடாது. இதைப் பிள்ளைக்கு ஒரு தடவை சொன்னால் போதாது. பத்துத் தடவை சொல்ல வேண்டும். கண் போனால் வராது.

மீசை இல்லாத ஓரி உண்டா? அடுப்புக் கரியைப் பொடித்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயில் குழைத்தால் மீசை. கடையில் விற்கும் முகச் சாயங்களில் சில பிள்ளைகளின் தோலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. அரிப்பும் தடிப்பும் வரும். கரியால் அந்தத் தொல்லை இல்லை. அரப்புத் தேய்த்துக் குளித்தால் போய்விடும்.

இனி விலங்குகள். யானைக்குக் காது வேண்டும். வீட்டில் முறம் இருக்கிறது. இரண்டு முறத்தைக் காதோரம் பிடித்து ஆட்டினால் யானை வந்துவிடும். தகப்பனின் பழைய முழுக்கைச் சட்டையில் ஒரு கையை வெட்டி, உள்ளே வைக்கோல் அடைத்தால் தும்பிக்கை. புலிக்குப் பழைய வேட்டியை மஞ்சள் தண்ணீரில் முக்கி உலர்த்த வேண்டும். அதன்மேல் கரிக்கட்டையால் கோடு. மானுக்குக் காய்ந்த சுள்ளி இரண்டை ரிப்பனில் வைத்துத் தலையில் கட்டினால் கொம்பு. பன்றிக்குத் தந்தம்? தேங்காயை நீளக் கீற்றாக அறுத்து இரண்டு கடைவாயிலும் கவ்விக்கொள்ள வேண்டியதுதான். ஆட்டம் முடிந்ததும் தின்றுவிடலாம்!

உடும்புக்குச் சாக்குக் கயிற்றைப் பின்னி நீள வால். ஒரு கூடையைக் கவிழ்த்துவிட்டால் அதுதான் புற்று. (உண்மை உடும்பைத் தொடக் கூடாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கலாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம்.) முகமூடி வேண்டுமென்றால் உதிர்ந்த பாக்கு மட்டையில் கண்ணுக்கு இரண்டு துளை, மூச்சுக்கு ஒரு துளை. நல்ல பெரிய துளையாக இருக்கட்டும்.

பாணர்களுக்குத் தகர டப்பாவே பறை. கடைசியில் ஓரி வாரிக் கொடுக்கப் பொன்னுக்கும் மணிக்கும் எங்கே போவது? மலையில் அன்னாசி இருக்கிறது. பலாச் சுளை இருக்கிறது. மலைவாழை இருக்கிறது. ஓரியாக வந்த பிள்ளை தன் கையால் எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்த பிறகுதான் தான் தின்ன வேண்டும். அதுதான் வேடத்திலேயே கடினமான பகுதி.

இத்தனைக்கும் செலவு என்ன? ஒரு தேங்காய். கொஞ்சம் மஞ்சள். வேறு ஒன்றும் இல்லை.

இன்னொரு லாபமும் உண்டு. நைலான் துணி விளக்குச் சுடர் பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அகல் விளக்கும் கற்பூரமும் இருக்கும் பண்டிகை நாளில் பிள்ளைக்குப் பருத்தி வேட்டியே நல்லது.

பரிசு எதற்கு?

"வீட்டில் செய்த வேடம் கடை வேடத்துக்கு முன்னால் எடுபடாதே" என்று சில பெற்றோர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. சுதந்திர தினம், குழந்தைகள் தினம் என்று மாறுவேடப் போட்டி நடக்கும் இடங்களில் பளபளப்புக்குத்தான் பரிசு போகிறது. குற்றம் பெற்றோர் மேல் இல்லை. மார்க் போடும் பெரியவர்கள் மேல்தான்.

பள்ளிக்கூடங்கள் ஒரே ஒரு விதியை மாற்றினால் போதும். மேடைக்கு வந்த பிள்ளையிடம், "இதை எப்படிச் செய்தாய்?" என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். வாடகைச் சட்டை போட்ட பிள்ளை விழிக்கும். பலா இலை கோத்த பிள்ளையை நிறுத்தவே முடியாது. முதல் இலை கிழிந்ததிலிருந்து தாத்தா விரலைக் கீறிக்கொண்டது வரை சொல்லும். அந்தப் பேச்சுக்குப் பரிசு கொடுக்கலாம். இதற்கு அரசாங்க உத்தரவு எதுவும் வேண்டியதில்லை. தலைமை ஆசிரியர் ஒருவர் மனம் வைத்தால் வருகிற ஆடியிலேயே நடக்கும்.

"வேலைக்குப் போய்க் களைத்து வரும் தாய்க்கு இது இன்னொரு சுமை அல்லவா?" என்று கேட்பவர்களும் உண்டு. சரியான கேள்வி. தாய் தலையில் மட்டும் கட்டினால் சுமைதான். அதனால்தான் வில்லைத் தகப்பன் வளைக்க வேண்டும். நாரைத் தாத்தா திரிக்க வேண்டும். இலையைப் பிள்ளையே பொறுக்க வேண்டும். தாய் வேட்டியை மஞ்சளில் முக்கிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து பார்க்கட்டும்.

கொல்லிமலைப் பிள்ளைகள் பலர் அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கிறார்கள். படிப்பும் சாப்பாடும் கிடைக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து கை வேலை பார்க்கும் சாயங்காலம் அந்தப் பிள்ளைகளுக்கு இல்லை. பண்டிகை லீவுக்கு வரும் இரண்டு மூன்று நாள்தான் உண்டு. மூங்கிலில் முற்றலையும் பிஞ்சையும் தட்டிப் பார்த்தே சொல்லும் தாத்தாக்கள் மலையில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பேரனுக்கு அதைச் சொல்லாமல் போனால், வேறு எந்தப் புத்தகத்திலும் அது கிடைக்காது. அந்த இரண்டு மூன்று நாளையும் வாடகைக் கடைக்குப் பஸ் ஏறியே கழிப்பதா?

காவிரிக் கரைச் சப்பரம்

ஆடிப் பதினெட்டு மலைக்கு மட்டும் சொந்தமல்ல. கீழே காவிரிக் கரை முழுவதும் அன்று விழாதான். பெண்கள் காதோலை, கருகமணி வைத்து ஆற்றை வணங்குவார்கள். தஞ்சைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அன்று சப்பரம் இழுக்கும் நாள். சின்ன மரத் தட்டி, நாலு சக்கரம், மேலே மூங்கில் குச்சியில் கோபுரம், வண்ணத்தாள், நடுவில் ஒரு சாமி படம். கயிறு கட்டித் தெருத் தெருவாகக் கடகடவென்று இழுத்துப் போவார்கள். இப்போது கடையில் ஆயத்தச் சப்பரம் விற்கிறது. ஆனாலும் கோணலாக ஓடும் வீட்டுச் சப்பரத்தின் பின்னால்தான் பிள்ளைக் கூட்டம் அதிகம்.

பிளாஸ்டிக் கொடிகளைச் சரம் சரமாகக் கட்டும் பழக்கமும் எங்கும் இருந்தது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பொருள்களில் பிளாஸ்டிக் கொடியும் ஒன்று. சட்டம் வந்த பிறகும் சில இடங்களில் அது தொங்கத்தான் செய்கிறது. கொல்லிமலை போன்ற இடத்தில் மழை பெய்தால் அத்தனையும் ஓடைக்குப் போகும். மாவிலைக்கு அந்தத் தொல்லை உண்டா? வாடினால் மாட்டுத் தொழுவத்துக்கு எரு.

வாசலில் தினைக் கதிர்

ஆடி போனால் தை. நாமக்கல், ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கத்தில் போகிப் பண்டிகையன்று காப்புக் கட்டுவார்கள். பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் கொத்தாகச் சேர்த்துக் கூரை ஓரத்தில் செருகுவது வழக்கம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காட்டு வழியே போய்ப் பறித்து வருவதிலேயே பாதிப் பண்டிகை முடிந்துவிடும். மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் பிளாஸ்டிக் மாலை போடுகிறவர்கள் ஒன்றை நினைக்க வேண்டும். மாடு அதைத் தின்றால் வயிற்றில் தங்கி உயிருக்கே ஆபத்தாகும். தஞ்சைப் பக்கத்தில் நெட்டி மாலை இருக்கிறது. மலையில் காட்டுப் பூ இருக்கிறது.

மலை வீடுகளுக்கென்று தனி அலங்காரம் ஒன்றும் உண்டு. தினைக் கதிர்! நரி வால் மாதிரித் தொங்கும் கதிரைப் பத்துப் பதினைந்தாகச் சேர்த்து நாரால் கட்டி நிலைப்படியில் தொங்கவிட்டால், எந்த ஜிகினாத் தோரணமும் கிட்டே நிற்க முடியாது. ஜப்பானில் புத்தாண்டுக்கு நெல் வைக்கோலைக் கயிறாகத் திரித்து வாசலில் கட்டுகிறார்கள். சுவீடன் நாட்டில் கிறிஸ்துமசுக்கு வைக்கோலால் ஆடு செய்து வைக்கிறார்கள். தங்கள் வயலில் விளைந்ததையே வாசலில் வைப்பது உலகம் முழுவதும் உள்ள பழக்கம்தான்.

ஆனால் தினைக் கதிர் வேண்டுமென்றால் தினை விளைய வேண்டுமே! அங்கேதான் சிக்கல். கொல்லிமலையில் ஒரு காலத்தில் சாமையும் தினையும் கேழ்வரகும் பனிவரகும் மலைச் சரிவெல்லாம் விளைந்தன. சாமையிலேயே வெள்ளைப் பெருஞ்சாமை, மல்லியச் சாமை, கட்டவெட்டிச் சாமை என்று பல வகை. தினையில் செந்தினை, பெருந்தினை, மூக்கந்தினை. பிறகு ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு தேவைப்பட்டது. கையில் காசு வந்தது. நிலம் மரவள்ளிக்கு மாறியது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. 1990-களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலை மக்களோடு சேர்ந்து சிறுதானிய விதைகளைக் காப்பாற்றும் வேலையைச் செய்து வந்திருக்கிறது. உமி நீக்கும் எந்திரங்கள் வந்ததால் பெண்களின் உரல் வேலை குறைந்தது. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபையே சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது.

இருந்தும், செந்தினைக்கும் மூக்கந்தினைக்கும் வித்தியாசம் தெரிந்த பிள்ளைகள் இனி எங்கிருந்து வருவார்கள்? தோரணம் கட்ட உட்கார்ந்தால் வருவார்கள். "இந்தக் கதிர் ஏன் குட்டையாக இருக்கிறது?" என்று ஒரு பிள்ளை கேட்கும். பாட்டி பெயர் சொல்வாள். பொங்கல் முடிந்ததும் அந்தக் கதிரை எறிய வேண்டியதில்லை. கொஞ்சம் குருவிக்கு. மீதி உதிர்த்து, சாம்பலில் புரட்டி, பானையில் கட்டி வைத்தால் அடுத்த விதைப்புக்கு ஆகும்.

ஆடிக்கு வில் வேண்டும் என்கிற வீடுகள் சிம்பை முன்கூட்டியே பிளந்து வைத்துவிடுவது நல்லது. அடுப்பங்கரைப் பரணில் புகை படும்படி சில வாரம் கிடக்கட்டும். பச்சை மூங்கிலில் செய்த வில் ஒரே நாளில் தொய்ந்துவிடும். புகையில் காய்ந்ததுதான் ஓரியின் கைக்கு நிற்கும்.